அமரர் ஊர்திக்கு ஏற்ற எண்ணெய்

உலக வரலாற்றில் எண்ணெய்க்காகப் போர் புரிந்த நாடுகள் பல. எண்ணெய் விற்றுப் பணக்காரரான நாடுகளும், வாங்கிக் கடனாளியான நாடுகளும் உண்டு. ஆனால் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு யோசித்த நிர்வாகம் எங்கள் மாநகராட்சி ஒன்றுதான். இந்தப் பெருமையை நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இதுவரை யாரும் வந்து கேட்கவும் இல்லை.

இந்தச் சாதனையில் அமரர் ஊர்தியின் ஓட்டுநருக்குப் பெரும்பங்கு உண்டு. அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்ற எல்லோருக்கும் அவர் 'ஊர்வலம்'. உடலை ஏற்றிக்கொண்டு போகும்போது பின்னால் நடந்து வருகிறவர்களுக்கு மூச்சு வாங்காதபடி, ரோட்டில் போகும் எறும்புக்கும் வழிவிட்டு ஓட்டுவார். இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே வண்டி பறக்கும். பின்னால் ஆள் இல்லாதபோதுதான் அவருக்கு வீட்டுச் சாப்பாடு ஞாபகம் வரும். இந்த இரண்டாவது பாதியை அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

மாநகராட்சிக்குப் புதிதாக வந்த துணை ஆணையர் சுறுசுறுப்பானவர். ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு ஒரு பேருண்மையோடு திரும்பி வந்தார். எஞ்சின் எண்ணெயைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி ஊற்றக்கூடாது. ஊரின் தட்பவெப்பத்தையும் ஓட்டுகிறவரின் பாணியையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இது முழு உண்மை. எங்கள் அலுவலகத்துக்குள் ஓர் உண்மை நுழைந்தால் முதல் வேலையாக அதற்கு ஒரு குழு அமைத்துவிடுவோம். 'எஞ்சின் எண்ணெய்ப் பாகுநிலைத் தேர்வுக் குழு' அப்படித்தான் பிறந்தது. பாகு என்ற சொல்லைக் கண்டதும் அது தன் துறை என்று நினைத்துச் சிற்றுண்டிப் பிரிவு அலுவலர் வந்து உட்கார்ந்துவிட்டார். விஷயம் தெரிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அந்த அறையில் குளிர்சாதனம் நன்றாக வேலை செய்தது.

துணை ஆணையர் பலகையில் எழுதி விளக்கினார். எண்ணெய் டப்பாவின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், குளிரில் வண்டியைக் கிளப்பும்போது எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பது. இரண்டாவது எண், எஞ்சின் கொதிக்கும்போது அது எவ்வளவு கெட்டியாகத் தாக்குப்பிடிக்கும் என்பது. குளிர் ஊருக்கும் சின்ன வண்டிக்கும் சின்ன எண். வெயில் ஊருக்கும் பளு வண்டிக்கும் பெரிய எண். இதுவரை அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை.

"அப்ப நம்ம ஊர் தட்பவெப்பம் என்ன?" என்று கேட்டார்.

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அங்கே தடிமனான திரை தொங்கியது.

"மேடம் என்ன முடிவு பண்றீங்களோ அதுதான் மேடம்" என்றார் பணிமனைக் கண்காணிப்பாளர். வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனை அவர் பொறுப்பில் இருந்தது. முதலாம் நாளிலிருந்தே அவர் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை.

"அப்படியெல்லாம் சொல்லக்கூடாது. அளந்து பார்க்கணும். இது அறிவியல்."

வெப்பமானி வந்தது. கூட்ட அறையின் சுவரில் மாட்டி எல்லோரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பதினெட்டு டிகிரி காட்டியது.

"நல்ல குளிர்ப் பிரதேசம்" என்றார் துணை ஆணையர், குறித்துக்கொண்டே.

"ஆமா மேடம். போன கூட்டத்துலயே எனக்கு ஜலதோஷம் பிடிச்சுக்கிச்சு" என்றார் சிற்றுண்டி அலுவலர்.

'களப் பிரதிநிதி' என்று அழைக்கப்பட்டு ஊர்வலம் வாசலோரம் நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெளியே அவருடைய வண்டியின் பானட்டில் கை வைத்தால் தோல் உரிந்துவிடும்.

"வெளியில கொஞ்சம் வெயில் அடிக்குது மேடம்" என்றார் மெதுவாக.

துணை ஆணையர் கோபப்படவில்லை. படிப்பறிவுள்ளவர்கள் பொறுமைசாலிகள். "வெளியில்னா எந்த வெளியிலங்க? ரோடா, மரத்தடியா, மொட்டை மாடியா? ஒண்ணொண்ணும் ஒரு சூடு காட்டும். அளவெடுக்கறதுக்கு நிலையான இடம் வேணும். இந்த ரூம் வருஷம் பூரா இதே குளிர்ல இருக்கு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்று ஊர்வலம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது ஓட்டும் பாணி. மாநகராட்சி ஓட்டுநர்கள் அத்தனை பேரையும் தாழ்வாரத்தில் நிற்க வைத்து ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். 'சாந்தம், மிதம், ஆவேசம்' மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆவேசம் என்கிறவரிடம் விளக்கம் கேட்கப்படும் என்று பணிமனைக் கண்காணிப்பாளர் தாழ்வாரத்திலேயே எல்லோர் காதிலும் போட்டுவிட்டார்.

தீயணைப்பு வண்டி ஓட்டுநர் மீசையைத் தடவிக்கொண்டு, "சாந்தம் மேடம். தீ எங்க ஓடிப்போகப் போகுது" என்றார்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஊர்வலத்தின் சிநேகிதர். இரண்டு பேரும் தினமும் பணிமனை வாசலில் ஒன்றாகத்தான் டீ குடிப்பார்கள். வயதான அம்மாவை வைத்துக்கொண்டு பணியாளர் குடியிருப்பில் ஊர்வலத்துக்குப் பக்கத்து வரிசையில் இருந்தார். "சாந்தம் மேடம். நோயாளி அசந்து தூங்கினா எழுப்பவே மாட்டேன்" என்றார்.

ஊர்வலத்தின் முறை வந்தது. "என் வண்டியில வந்தவங்க ஒருத்தரும் இதுவரைக்கும் வேகமா ஓட்டுறேன்னு சொன்னதில்ல மேடம்."

துணை ஆணையர் நெகிழ்ந்துபோனார். குளிர்ப் பிரதேசம், சாந்தமான ஓட்டுநர்கள். அப்படியானால் இருப்பதிலேயே இளகிய எண்ணெய்தான் சரி. 'ஜீரோ டபிள்யூ ட்வென்டி' ஏகமனதாகத் தேர்வானது. ஜீரோ என்று தொடங்கியதால் அதில் குறையே இருக்காது என்று சிற்றுண்டி அலுவலர் கருத்துத் தெரிவித்தார். முதல் பரிசோதனை அமரர் ஊர்தியில். நடுவழியில் நின்றால்கூட அதில் பயணம் செய்கிறவர் புகார் கொடுக்கப் போவதில்லை என்பதால் இந்த யோசனைக்கு எதிர்ப்பே இல்லை.

எண்ணெய் பளபளவென்று ஒரு டப்பாவில் வந்தது. பணிமனையில் வைத்தால் காணாமல் போய்விடும் என்று பணிமனைக் கண்காணிப்பாளர் பயந்தார். தன் பணிமனையைப் பற்றி அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் வேறு யார்? 'பாதுகாப்பு கருதி' டப்பாவை ராத்தங்கலுக்கு ஊர்வலத்தின் வீட்டுக்கு அனுப்பினார்.

ஊர்வலம் குடியிருந்தது பணிமனைக்குப் பின்னால் இருந்த பணியாளர் குடியிருப்பில். கடைசி வீடு. இரண்டு அறை, சமையலறை, கொல்லையில் ஒரு குழாய். வேலை இருக்கும் வரைதான் அந்த வீடு. அப்போது அவருடைய ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாதாமாதம் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்வந்தது ஊர்வலத்தின் மைத்துனன், வாடகைக் கார் ஓட்டுபவன். அன்று சாயங்காலம் அவன் வந்தபோது டப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

"மாமா, இது எப்படி இங்க வந்துச்சு? என் புது வண்டிக்கு கம்பெனிக்காரன் போடச் சொன்னதே இதுதான்."

"கை வைக்காத மாப்ள. அது ஆய்வுக்கு."

"என் பழைய வேனுக்கு வாங்கினது ஒரு டப்பா வீட்டுல சும்மா கிடக்கு. விளக்கெண்ணெய் கணக்கா கெட்டியா இருக்கும். மாத்திக்கலாமா? டப்பா உங்களுதே இருக்கட்டும். உள்ள இருக்கறத மட்டும் மாத்திக்குவோம்."

"வேலைக்கு உலை வெச்சிடாத."

ஊர்வலத்தின் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, எண்ணெய்க்கு எண்ணெய் குடுக்கறேங்கறான். நம்ம பிள்ளையைக் கூட்டிட்டு அலையறவன். இதுக்குப்போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறீங்க."

ஊர்வலம் வாசல் கதவைச் சாத்தினார். காதும் காதும் வைத்தாற்போல் வேலை முடிந்தது. இதைத் திருட்டு என்று சொல்வது பொருந்தாது. திருட்டில் பறிகொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். இங்கே மாநகராட்சிக்கு வர வேண்டிய டப்பா மாநகராட்சிக்கே வந்து சேர்ந்தது. ஊர்வலத்துக்கு எண்ணெய் சாஸ்திரம் ஒன்றும் தெரியாது. எது எதற்கு ஆகும் என்றும் யோசிக்கவில்லை. மைத்துனன் கேட்டான், கொடுத்தார், அவ்வளவுதான்.

பரிசோதனைக்கு வாய்த்தது ஒரு பெரிய ஒப்பந்தக்காரரின் இறுதிப் பயணம். உச்சி வெயில். அவர் போட்ட ரோடுகளின் வழியாகவே போக வேண்டியிருந்ததால் குலுங்கிக் குலுங்கி, முதல் கியரிலேயே ஊர்ந்து, வண்டி போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. வழியில் கூட்டத்தில் பலர் மயங்கி விழுந்தார்கள். வண்டி மட்டும் முனகாமல் போனது.

மயான வாசலில் குழு காத்திருந்தது. "டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டுங்க" என்றார் துணை ஆணையர்.

ஊர்வலம் பானட்டைத் திறந்தார். எஞ்சினிலிருந்து அளவுகோலை உருவினார். அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, கீழே விழ மனமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. துணை ஆணையர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பார்த்தீங்களா, தண்ணி மாதிரி இருக்கு" என்றார் கடைசியில்.

சொட்டு இன்னும் விழவில்லை. பணிமனைக் கண்காணிப்பாளர் அதை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். விரல்கள் ஒட்டிக்கொண்டன. "தண்ணியேதான் மேடம்."

சிற்றுண்டி அலுவலரும் தொட்டார். "கையில நிக்கவே மாட்டேங்குது மேடம்" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் துடைத்தார். கார் ஏறும் வரை துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் ஊர்வலத்தைப் பார்த்தார்கள்.

"தண்ணிதான் மேடம்" என்றார் ஊர்வலம்.

பரிசோதனை மகத்தான வெற்றி என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. பாராட்டு வந்துவிட்டால் அதற்கு மேலும் எதையாவது செய்தாக வேண்டும். ஆகவே மாநகராட்சியின் எல்லா வண்டிகளுக்கும் 'எண்ணெய் மாற்று இயக்கம்' அறிவிக்கப்பட்டது.

டீக்கடையில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் உற்சாகமாக இருந்தார். "எனக்கும் உன் எண்ணெய்தானாம்ப்பா. நல்லதாப் போச்சு. உன் வண்டி என்னமா ஓடுது."

ஊர்வலம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஏம்ப்பா, பழைய எண்ணெயே நல்லாத்தானே இருந்துச்சு?"

"உனக்கு மட்டும் புதுசு வேணும், எங்களுக்குப் பழசா? நல்லா இருக்கேப்பா நியாயம்."

அன்று அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் மனசைக் கொட்டினார். மைத்துனன் எண்ணெய் என்ன எண்ணெய், தன் வண்டி எதனால் ஓடியது, மற்ற வண்டிகளுக்கு ஊற்றப்போவது எது, எல்லாம் அப்போதுதான் அவருக்கே பிடிபட ஆரம்பித்திருந்தது.

"சொன்னா என்ன ஆகும்?" என்றாள் மனைவி.

"வேலை போகும். வேலை போனா வீடு."

அவள் உள்ளறையைப் பார்த்தாள். மகள் இடுப்பு வலியோடு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். "பிரசவம் ஆகட்டுங்க. அப்புறம் சொல்லிக்கலாம். எஞ்சின்தானே போகப்போகுது, ஆளா போகப்போகுது?"

ஊர்வலத்துக்கும் அது நியாயமாகப் பட்டது. நமக்குச் சாதகமான நியாயம் சட்டென்று பட்டுவிடும்.

முதலில் குப்பை லாரியின் எஞ்சின் போனது. பிறகு தண்ணீர் லாரி. தீயணைப்பு வண்டி, எரிகிற கிடங்கின் எதிரிலேயே நின்று தன் பங்குக்குத் தானும் புகைந்தது. ஆம்புலன்ஸ்கள் ஒவ்வொன்றாக நின்றுபோய் 'ஆய்வில்' சேர்ந்தன. வெயிலில் அந்த இளகிய எண்ணெய், கிழட்டு எஞ்சின்களுக்குள் நிற்காமல் வழிந்தோட, இரும்பும் இரும்பும் உரசி இறுகிப்போயின. குழு அவசரமாகக் கூடிக் காரணத்தைக் கண்டுபிடித்தது. ஓட்டுநர்கள் தாங்கள் வாயால் சொன்ன சாந்தத்தைக் கடைப்பிடிக்கவில்லை. அத்தனை பேருக்கும் விளக்கம் கேட்டு ஓலை பறந்தது.

"எண்ணெய்ல கோளாறுன்னா அமரர் ஊர்தி மட்டும் எப்படி ஓடுது?" என்று கேட்டார் துணை ஆணையர். இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஊரில் ஓடியது அந்த ஒரு வண்டிதான். காலையில் அதில் தண்ணீர்க் குடங்கள் போயின. மத்தியானம் குப்பை. தீப்பிடித்தால் தீயணைப்பு வீரர்கள் அதில் எதிரும் புதிருமாகப் படுத்துக்கொண்டு போனார்கள், உட்கார்ந்தால் தலை இடித்தது. பாலம் திறக்க ஆணையர் அதில் வந்து இறங்கியபோது, வரவேற்க நின்ற கூட்டம் வழக்கம்போல் செருப்பைக் கழற்றித் தலைகுனிந்தது. எந்த வீட்டு வாசலில் வண்டி நின்றாலும், உள்ளேயிருந்து யாராவது ஓடிவந்து, "எங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம், அடுத்த வீட்டுல கேட்டுப் பாருங்க" என்றார்கள்.

அப்படியொரு மத்தியானம், வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றில் 'சரியான எண்ணெய்' பற்றிப் பேசுவதற்காகத் துணை ஆணையர் அமரர் ஊர்தியின் முன்சீட்டில் போய்க்கொண்டிருந்தார். ஊர்வலத்தின் போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறை.

"அண்ணே, ஒரு கேஸ் இருக்கு. பணியாளர் குடியிருப்பு, கடைசி வீடு."

ஊர்வலம் வண்டியை ஓரம் கட்டினார். "அது என் வீடுடா."

"அப்படியாண்ணே? தெரிஞ்ச விலாசமாப் போச்சு, தேடவேண்டியதில்ல."

"யாருக்கு? என்ன ஆச்சு?"

"அதெல்லாம் சொல்லலைண்ணே. ஆம்புலன்ஸ் கேட்டாங்க. அது இல்லாததால உங்களுக்குத் தள்ளிட்டோம். வழக்கம்போல அமரர் ஊர்திச் சீட்டுல, போறவங்க பேரை எழுதிட்டு எடுங்க. சீட்டு இல்லாம ஏத்தக்கூடாது."

மைத்துனன் சவாரி பிடித்து வெளியூர் போயிருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. வண்டியைத் திருப்பினார்.

"என்னங்க இது, கருத்தரங்குக்கு நேரமாச்சு" என்றார் துணை ஆணையர்.

ஊர்வலம் ஆக்சிலேட்டரை மிதித்தார். அதுவரை அலுவலகத்தில் யாரும் பார்த்திராத அவருடைய மறுபாதியைத் துணை ஆணையர் அன்று பார்த்தார். சந்துகளில் கோழிகள் கூரை ஏறின. துணை ஆணையர் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, "சாந்தம்னு சொன்னீங்களே" என்றார்.

"ஆள் ஏறினதும் சாந்தமாயிடுவேன் மேடம்."

"அப்ப நான் யாருங்க?"

வாசலில் வண்டியைக் கண்டதும் குடியிருப்புப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஊர்வலத்தின் மனைவி அவர்களை விலக்கிக்கொண்டு மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். "இங்க ஒருத்தரும் சாகல, தள்ளி நில்லுங்க. வலி எடுத்து எவ்வளவு நேரமாச்சு."

மகள் வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "அப்பா, இதுலயா?"

ஊர்வலம் பின்கதவைத் திறந்தார். "படுக்க வசதியா இருக்கும்மா" என்றார். அதைத் தவிர அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல அவருக்கு வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. வாடிய பூவிதழ்களைக் கையால் கூட்டித் தள்ளிவிட்டு அவளைப் படுக்க வைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். "இந்த வண்டி பின்வாசல். பிணவறைப் பக்கம்."

"உள்ள உயிரோட இருக்காங்க."

"எல்லாரும் அப்படித்தாண்ணே சொல்றாங்க. மனசு ஒத்துக்காது. போகப்போக சரியாயிடும்."

துணை ஆணையர் கீழே குதித்து, தான் யார் என்று சொன்னார். அமரர் ஊர்தியிலிருந்து குதித்து வந்தவர் துணை ஆணையர் என்பதைக் காவலாளி நம்பவில்லை. தகராறு முடியக் காத்திருக்கப் பிள்ளைக்குப் பொறுமை இல்லை. ஊர்வலம் பின்வாசலுக்கு வண்டியை விட்டார். துணை ஆணையர் முன்வாசல் வழியாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடி, ஒரு நர்சைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அதை நான் மறைக்க மாட்டேன். அந்த ஓட்டம் எந்தக் குழுவும் பரிந்துரைக்காதது.

பிணவறைக் கதவருகே, வண்டிக்குள்ளேயே, பெண் குழந்தை பிறந்தது. பிணவறை ஊழியர் வெளியே வந்து, "சீட்டு எங்க?" என்று கை நீட்டினார். உள்ளேயிருந்து வீறிடும் சத்தம் கேட்டதும் எட்டிப் பார்த்தார்.

"ஒருத்தர்னு நினைச்சேன், ரெண்டு பேரைக் கொண்டாந்திருக்கீங்க" என்றார்.

ஊர்வலம் டயர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷமும் பயமும் அவமானமும் ஒன்றாகக் கலந்து வந்த அழுகை. தன் வண்டி ஓடியதால் தன் மகள் பிழைத்தாள். ஓடாத வண்டிகளுக்காகக் காத்திருந்தவர்கள் வீடுகளில் என்ன நடந்தது என்று அவர் முதல் தடவையாக யோசித்தார். வீடு போனால் போகட்டும் என்று அங்கேயே முடிவு செய்தார்.

அடுத்த கூட்டத்தில் கதவைத் தட்டி உள்ளே போய், குளிரில் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். எண்ணெய் மாற்றியதைச் சொன்னார். வேகமாக ஓட்டுவதைச் சொன்னார். சொட்டு கெட்டியாக இருந்ததைச் சொன்னார். "என்னை என்ன வேணா பண்ணுங்க மேடம். மத்த வண்டிக்கெல்லாம் பழைய எண்ணெயை ஊத்திடுங்க."

எங்கள் குழு எதையும் உணர்ச்சிவசப்பட்டு முடிவு செய்வதில்லை. ஓட்டுநரின் கூற்றை எல்லாக் கோணத்திலும் ஆராய்ந்தது.

"இவர் சொல்றது உண்மைன்னா வண்டியில தப்பான எண்ணெய் இருந்திருக்கணும்" என்றார் துணை ஆணையர், யார் முகத்தையும் பார்க்காமல். "தப்பான எண்ணெய் இருந்தா வண்டி ஓடியிருக்காது. ஆனா ஓடுச்சு. நானே அதுல போனேன்."

"அப்ப இவர் சொல்றது உண்மை இல்ல மேடம்" என்றார் சிற்றுண்டி அலுவலர்.

'பேத்தி பிறந்த மகிழ்ச்சியில் ஓட்டுநர் நிதானம் இழந்துள்ளார். இது மன்னிக்கத்தக்கது' என்று தீர்மானம் ஆனது. கூடவே இன்னொன்றும்: அமரர் ஊர்திக்கு எண்ணெய் மாற்றும் தவணை வந்துவிட்டதால், பரிந்துரைக்கப்பட்ட அதே எண்ணெயை இந்தத் தடவை பணிமனையிலேயே, கண்காணிப்பாளர் முன்னிலையில் ஊற்ற வேண்டும்.

தாழ்வாரத்தில் பணிமனைக் கண்காணிப்பாளர் ஊர்வலத்தின் தோளில் கை போட்டார். "அன்னைக்குத் தொட்ட விரல் சோப்புப் போட்டும் ரெண்டு நாள் பிசுபிசுன்னு இருந்துச்சுய்யா. எல்லாருக்கும் தெரியும். மேடத்துக்கும்தான். நீ எதுக்கு நடுவுல வந்து நிக்கற? பேத்தியைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா இரு."

வேலை போகவில்லை. வீடும் போகவில்லை. தான் உண்மையைச் சொல்லிவிட்டோம், கேட்காதது அவர்கள் பாடு என்று ஊர்வலத்துக்கு நெஞ்சு லேசானது. சாயங்காலம் பணிமனைக்குப் போய், கெட்டி எண்ணெயைத் தன் கையாலேயே இறக்கிவிட்டு, இளகிய எண்ணெயை ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார்.

அமரர் ஊர்தி அதன் பிறகு ஓடியது கொஞ்ச நாள்தான். ஒரு வெயில் நாளில் கடைத்தெரு நடுவே கடகடவென்று கத்திவிட்டு நின்றது. இப்போது ஊரில் ஒரு வண்டியும் இல்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் மாநகராட்சியின் மாபெரும் சாதனை வெளிப்பட்டது. அமரர் ஊர்திச் சீட்டு இருந்தால்தான் இறப்பைப் பதிவு செய்ய முடியும் என்பது விதி. ஊர்தி ஓடாததால் சீட்டு இல்லை. சீட்டு இல்லாததால் இறப்பு இல்லை. காலாண்டுக் கணக்கு எடுத்தபோது ஊரின் இறப்பு விகிதம் பூஜ்யத்தில் வந்து நின்றது. எண்ணெய் மாற்று இயக்கத்துக்கு முன்பு இப்படி ஒரு நிலை இருந்ததே இல்லை என்பதைத் துணை ஆணையர் வரைபடம் போட்டுக் காட்டினார். மேலிடம் விருது அறிவித்தது.

விருது வந்த அன்று மாநகராட்சி வாசலில், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குழுவை நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். முன்னோடி ஓட்டுநர் என்று ஊர்வலத்தையும் முன்வரிசையில் நிறுத்தினார்கள். அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். வீட்டில் பேத்தி குப்புற விழ ஆரம்பித்திருந்தாள்.

புகைப்படக்காரர் கேமராவிலிருந்து தலையை எடுத்தார். "சார், பின்னால யாரோ வர்றாங்க."

ஊர்வலம் திரும்பிப் பார்த்தார். வாசலுக்கு அந்தப் பக்கம், ரோட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் காய்கறி வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனார். அதில் வெள்ளைத் துணி போர்த்தி அவருடைய அம்மா படுத்திருந்தார். அன்று விடிகாலையில் நெஞ்சுவலி என்று அந்தம்மா அலறியதும், மகன் வீதிவீதியாக வண்டி தேடி ஓடியதும் குடியிருப்பு முழுவதற்கும் தெரியும். ஊர்வலமும் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று சரியாகச் சுற்றவில்லை. சிநேகிதர் நின்று, சக்கரத்தைக் காலால் உதைத்துச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோது, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். சிநேகிதர் மூச்சு வாங்க அங்கேயே நின்றார்.

"அது படத்துல விழுது சார். அவரைப் போகச் சொல்லுங்க, இல்லைன்னா யாராவது கொஞ்சம் மறைச்சாப்ல நில்லுங்க" என்றார் புகைப்படக்காரர்.

துணை ஆணையர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பணிமனைக் கண்காணிப்பாளர் ஊர்வலத்தின் முழங்கையைத் தொட்டார். முன்வரிசையில் அகலமான ஆள் ஊர்வலம்தான்.

ஊர்வலம் ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்து நின்றார். இப்போது படத்தில் யாரும் சாகவில்லை.